36 டிபி பூஸ்டர் வாங்கியும் படம் உறைகிறது: என் டெசிபெல் கணக்கில் எங்கே தவறு?

ஈசூன்வாசி (திங்கள், இரவு 9.12)

வணக்கம். சின்னச் சிக்கல்தான், ஆனால் மூன்று வாரமாகத் தீரவில்லை.

சிங்கப்பூர், ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, ஐந்தாவது மாடி. அம்மாவுக்கு மாலையில் வசந்தம் தொலைக்காட்சி ஓட வேண்டும். சமையலறை ஜன்னல்தான் ஒளிபரப்புக் கோபுரம் இருக்கும் புக்கிட் பாத்தோக் பக்கம் பார்க்கிறது. அதனால் தகடு போன்ற ஆன்டெனாவை அங்கே ஒட்டி, மெல்லிய கேபிளை 12 மீட்டர் சுவரோரமாக இழுத்து வந்து, இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டரில் சேர்த்திருக்கிறேன். ஒரு வழி வரவேற்பறைக்கு, மற்றொன்று அம்மாவின் அறைக்கு. படம் கட்டம் கட்டமாக உடைந்து உறைந்துவிடுகிறது. செய்தி வாசிப்பவர் வாயைத் திறந்தபடியே நிற்கிறார். அம்மா என்னைப் பார்க்கிறார்.

இணையத்தில் 29 வெள்ளிக்குச் சிக்னலைப் பெருக்கும் ஒரு பூஸ்டர் வாங்கித் தொலைக்காட்சிக்குப் பின்னால் செருகினேன். பெட்டியில் “36 டிபி” என்று அச்சிட்டிருக்கிறது. ஆன்டெனாவின் பெட்டியில் “25 டிபி”. ஆக 36 + 25 = 61 டிபி சிக்னல். இவ்வளவு இருந்தும் படம் ஏன் உறைகிறது? தொலைக்காட்சியில் பழுதா?

செம்புக்கம்பி (திங்கள், இரவு 9.20)

61 டிபி. எதைவிட?

ஈசூன்வாசி (திங்கள், இரவு 9.26)

எதைவிட என்றால்? மேல்மாடிக்காரர் கராவோக்கே பாடும்போது கைப்பேசிச் செயலி 80 டெசிபெல் காட்டுகிறது. அது எதைவிட என்று யாரும் கேட்பதில்லையே. ஒருவேளை என் 61 அந்த 80-ஐ விடக் குறைவு என்பதுதான் சிக்கலோ?

செம்புக்கம்பி (திங்கள், இரவு 9.31)

மேல்மாடிக்காரரைத் தொலைக்காட்சியோடு இணைத்துப் பாருங்கள், நன்றாக வரும்.

வெள்ளீயம் (திங்கள், இரவு 10.05)

செம்புக்கம்பி, புதிதாகக் கேட்பவரை ஓட்டாதீர்கள். நீங்கள் கேட்ட கேள்வி சரி, கேட்ட விதம்தான் சரியில்லை.

தம்பி ஈசூன்வாசி, அந்த 80-க்கும் “எதைவிட” உண்டு. காற்றில் ஒலியை அளக்கும்போது 20 மைக்ரோபாஸ்கல் அழுத்தத்தோடு ஒப்பிடுவது உலக வழக்கம். எல்லாரும் அதையே எடுத்துக்கொள்வதால் யாரும் சொல்வதில்லை. டெசிபெல் என்பது கிலோகிராம் போன்ற அளவு அல்ல. இரண்டு திறன்களுக்கு இடையே உள்ள விகிதம், அவ்வளவுதான். விகிதத்துக்குப் பத்தை அடிமானமாகக் கொண்ட மடக்கையை எடுத்துப் பத்தால் பெருக்கினால் டெசிபெல். 10 மடங்கு என்றால் 10 டிபி, 100 மடங்கு 20 டிபி, இரண்டு மடங்கு ஏறத்தாழ 3 டிபி, பாதி என்றால் -3 டிபி.

நான் பலதுறைத் தொழிற்கல்லூரி ஒன்றில் ஆய்வுக்கூடம் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பு மாணவர்களுக்கு இதைச் சொல்ல வீவக புளோக்கைத்தான் துணைக்கு அழைப்பேன்.

உங்கள் வீடு ஐந்தாவது மாடி. அது ஓர் இடம். “மூன்று மாடி ஏறினேன்” என்பது இடம் அல்ல, நகர்வு. டிபிஎம் என்பது மாடி எண். கீழ்த்தளம் 0 டிபிஎம், அதாவது 1 மில்லிவாட். டிபி என்பது ஏறிய, இறங்கிய மாடிகள். இந்த வேறுபாடு பிடிபட்டால் மீதி எல்லாம் லிஃப்ட் கணக்கு:

ஐந்தாவது மாடியிலிருந்து ஏழு மாடி ஏறினால் பன்னிரண்டாவது மாடி. டிபிஎம் கூட்டல் டிபி, விடை டிபிஎம்.

பன்னிரண்டாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் இடையே ஏழு மாடி. டிபிஎம் கழித்தல் டிபிஎம், விடை டிபி.

ஏழு மாடி ஏறி இன்னும் மூன்று மாடி ஏறினால் பத்து மாடி ஏற்றம். டிபி கூட்டல் டிபி, விடை டிபி.

பன்னிரண்டாவது மாடியோடு ஐந்தாவது மாடியைக் கூட்டினால்? பதினேழாவது மாடியில் இருப்பவர் கதவைத் திறந்து “யார் நீங்கள்?” என்று கேட்பார். டிபிஎம்மோடு டிபிஎம்மைக் கூட்டக் கூடாது.

நீங்கள் செய்தது மூன்றாவது வகை. 36 டிபி ஏற்றம், 25 டிபி ஏற்றம், மொத்தம் 61 டிபி ஏற்றம். கணக்கில் பிழை இல்லை. ஆனால் எந்த மாடியிலிருந்து ஏறத் தொடங்கினீர்கள் என்று சொல்லவே இல்லை. அடித்தளக் கார் நிறுத்துமிடத்துக்கும் கீழே, தொண்ணூறாவது பாதாளத்திலிருந்து 61 மாடி ஏறினாலும் தரைக்கு மேல் வரமாட்டீர்கள். “61 டிபி சிக்னல்” என்று ஒன்று கிடையாது.

பொங்கோல் காற்று (திங்கள், இரவு 10.22)

அருமை அக்கா. ஒரு சந்தேகம். வீட்டில் இரண்டு வைஃபை பெட்டிகள். நடுக்கூடத்தில் நின்றால் இரண்டிலிருந்தும் -60 டிபிஎம் வருகிறது. இரண்டும் சேர்ந்து எவ்வளவு? -120 இல்லை என்று இப்போது புரிகிறது. அப்படியானால் என்னதான் விடை?

வெள்ளீயம் (திங்கள், இரவு 10.30)

மடக்கையை அவிழ்த்து மில்லிவாட்டுக்குப் போய், அங்கே கூட்டிவிட்டுத் திரும்பி வர வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சிக்னல்கள் என்றால் திறன் இரட்டிப்பாகும். -57 டிபிஎம். -120 டிபிஎம் என்றால் ஒவ்வொன்றையும்விடப் பத்து லட்சம் மடங்கு குறைவு. இரண்டு விளக்கு ஏற்றினால் அறை இருட்டாகிவிடுமா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். -70 டிபிஎம் -67 ஆனால் “4 விழுக்காடு முன்னேற்றம்” என்று அறிக்கையில் எழுதும் மாணவர்கள் உண்டு. அது திறன் இரட்டிப்பு. மாடி எண்ணுக்கு விழுக்காடு போடக் கூடாது.

மேடை ஒலி (செவ்வாய், காலை 7.48)

ரயிலில் இருந்து எழுதுகிறேன். கோயில் திருவிழாக்களுக்கும் சமூக மன்ற நிகழ்ச்சிகளுக்கும் ஒலியமைப்பு செய்பவன். எங்கள் தொழிலில் இரட்டிப்பு என்றால் 6 டிபி. நீங்கள் 3 என்கிறீர்கள். எங்கள் மிக்ஸரும் பொய் சொல்லவில்லை.

செம்புக்கம்பி (செவ்வாய், காலை 8.15)

இதற்கு நான் பதில் சொல்கிறேன். திறனுக்கு 10 மடக்கை, மின்னழுத்தத்துக்கு 20 மடக்கை. ஆகவே ஒரே ஆம்ப்ளிஃபயருக்கு மின்னழுத்த டிபி எப்போதும் திறன் டிபியைப்போல் இரண்டு மடங்கு இருக்கும். விளம்பரத்தில் “36” போடுபவர்கள் மின்னழுத்தத்தைச் சொல்கிறார்கள், உண்மையில் அது 18.

வெள்ளீயம் (செவ்வாய், காலை 8.40)

இல்லை, செம்புக்கம்பி. முதல் வாக்கியம் சரி, இரண்டாவது தவறு. இந்தத் தவறைப் பட்டப்படிப்பு முடித்தவர்களிடமும் பார்த்திருக்கிறேன் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

மின்னழுத்தம் இரட்டித்தால், அதே மின்தடையில் திறன் நான்கு மடங்காகும். ஏனெனில் திறன் என்பது மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தது. நான்கு மடங்கு திறன், 10 × மடக்கை 4, அதாவது 6 டிபி. இரண்டு மடங்கு மின்னழுத்தம், 20 × மடக்கை 2, அதுவும் 6 டிபி. வர்க்கத்தில் உள்ள 2 மடக்கைக்கு வெளியே வந்ததால்தான் 10 ஆனது 20. ஆக ஓர் ஆம்ப்ளிஃபயருக்கு இரண்டு விதமான டிபி கிடையாது. எந்த வழியில் போனாலும் ஒரே எண்தான் வர வேண்டும். மேடை ஒலி சொல்வது மின்னழுத்த இரட்டிப்பு, நான் சொன்னது திறன் இரட்டிப்பு. இருவரும் பொய் சொல்லவில்லை.

உள்ளே வருகிற இடத்திலும் வெளியே போகிற இடத்திலும் மின்மறிப்பு (மாறும் மின்னோட்டத்துக்கு உள்ள தடை, ஓமில் சொல்வது) ஒன்றாக இருக்கும்வரை இது செல்லும். வேறாக இருந்தால் 20 மடக்கை தரும் எண்ணுக்குத் திறனோடு தொடர்பில்லை.

ஓய்வுபெற்ற அலை (செவ்வாய், காலை 10.02)

அம்மணி சொன்ன கடைசிப் பத்திக்கு ஒரு பழைய சான்று. தொலைக்காட்சிக்குப் பின்னால் தட்டையான ரிப்பன் கம்பி செருகிய காலம் நினைவிருக்கிறதா? அது 300 ஓம். வட்டக் கேபிள் 75 ஓம். இரண்டையும் இணைக்கக் கட்டைவிரல் அளவுக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வரும். 75 பக்கம் உள்ளே விட்டு 300 பக்கம் எடுத்தால் மின்னழுத்தம் இரட்டிக்கும். செம்புக்கம்பியின் சூத்திரத்தைப் போட்டால் 6 டிபி பெருக்கம்! மின்சாரமே கொடுக்காத ஒரு செம்புச் சுருள் சிக்னலைப் பெருக்கிவிட்டதாம். அப்படி நடந்தால் நாம் எல்லாரும் எஸ்பி நிறுவனத்துக்கு மின்கட்டணம் கட்டாமல் இருக்கலாம். மின்மறிப்பு நான்கு மடங்கானதால் திறன் அப்படியே இருக்கிறது, சுருளின் சிறு இழப்பு போக.

நாற்பது ஆண்டுகள் அலைபரப்பிகளோடு வாழ்ந்தவன். 2019ஆம் ஆண்டின் முதல் நாளோடு அனலாக் ஒளிபரப்பு நின்றபோது வீட்டில் நான் மட்டும் வருத்தப்பட்டேன். அனலாக்கில் சிக்னல் குறைந்தால் திரையில் பனி கொட்டும். எவ்வளவு பனி என்று பார்த்தே எத்தனை டிபி குறைந்தது என்று கண்ணால் சொல்லலாம். இலக்க முறையில் அந்த எச்சரிக்கை கிடையாது. விளிம்புவரை தெளிவாக இருக்கும், ஓர் அடி தாண்டினால் உறையும்.

ஈசூன்வாசி, ஊகிக்காமல் அளங்கள். என்னிடம் கையளவு அளவி ஒன்று இருக்கிறது, நான் காத்திப் பக்கம்தான். தனிச்செய்தி அனுப்புங்கள், காப்பிக்கடையில் தருகிறேன். அது டிபி மைக்ரோவோல்ட்டில் காட்டும். 1 மைக்ரோவோல்ட்டோடு ஒப்பீடு. 75 ஓமில் 0 டிபிஎம் என்பது 108.75 டிபி மைக்ரோவோல்ட். 50 ஓமில் 107. பலர் 107-ஐ மனப்பாடம் செய்துகொண்டு தொலைக்காட்சிக் கேபிளிலும் அதையே கழிப்பார்கள். 1.75 டிபி பிழை யாருக்கும் தெரியாமல் ஒட்டிக்கொள்ளும்.

செம்புக்கம்பி (செவ்வாய், காலை 10.20)

டிரான்ஸ்ஃபார்மர் உதாரணத்துக்கு வாயடைத்துவிட்டேன் ஐயா. இரண்டாவது வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

மேடை ஒலி (செவ்வாய், பிற்பகல் 1.10)

அப்படியானால் எனக்குப் பல ஆண்டு மர்மம் ஒன்று இப்போது விளங்குகிறது. எங்கள் மிக்ஸரின் வெளிப்பாடு +4 டிபியு. வீட்டு வகைப் பதிவுக்கருவிகள் -10 டிபிவி எதிர்பார்க்கும். இடைவெளி 14 டிபி என்று நினைத்து 14 குறைப்பேன், பதிவு எப்போதும் கொஞ்சம் மெல்லியதாக வரும். இரண்டு வெவ்வேறு கீழ்த்தளத்திலிருந்து எண்ணிய மாடிகளைக் கழித்திருக்கிறேன்!

வெள்ளீயம் (செவ்வாய், பிற்பகல் 1.25)

அதேதான். டிபியு 0.775 வோல்ட்டிலிருந்து எண்ணுகிறது (600 ஓமில் 1 மில்லிவாட் தரும் மின்னழுத்தம்), டிபிவி 1 வோல்ட்டிலிருந்து. +4 டிபியு என்பது 1.23 வோல்ட், -10 டிபிவி என்பது 0.316 வோல்ட். விகிதம் 3.9, அதாவது 11.8 டிபி. நீங்கள் 2.2 டிபி அதிகமாக அமுக்கியிருக்கிறீர்கள்.

இன்றைய மிக்ஸர்கள் 600 ஓமைச் சுமப்பதில்லை. அதனால் 0 டிபியு என்று காட்டும்போது அங்கே 1 மில்லிவாட் ஓடுகிறது என்று நினைக்க வேண்டாம். அது வெறும் மின்னழுத்தக் கணக்கு.

இரவுப்பணி (புதன், அதிகாலை 3.40)

இப்போதுதான் ஒரு வேலை முடிந்தது, தூக்கம் வரவில்லை. டிபிக்கும் டிபிஎம்முக்கும் உள்ள ஓர் எழுத்து வித்தியாசத்தில் ஓர் இரவையே இழந்த கதை என்னிடம் இருக்கிறது.

கண்ணாடியிழை இணைப்பு வேலை. வீட்டுக்குள் இருக்கும் ஓஎன்டி பெட்டிக்கு (கண்ணாடியிழை வந்து முடியும் இணையப் பெட்டி) வரும் ஒளியை அளந்து படிவத்தில் எழுத வேண்டும். ஒருவர் “-21 டிபி” என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். அளந்தது -21 டிபிஎம். அடுத்து அந்தப் படிவத்தைப் பார்த்த பொறியாளர் அதைப் பாதையின் இழப்பு என்று எடுத்துக்கொண்டார். நிலையத்திலிருந்து +3 டிபிஎம் ஒளி கிளம்புகிறது, 21 டிபி இழப்பு என்றால் வீட்டில் -18 டிபிஎம் வர வேண்டும். தொலைவிலிருந்து பார்த்தால் -21 காட்டுகிறது. “3 டிபியைக் காணவில்லை, பாதி ஒளி எங்கோ கசிகிறது” என்று எங்களை அனுப்பினார். இரவு ஒன்றரை மணிக்குத் தளம் தளமாக இணைப்புப் பெட்டிகளைத் திறந்து இல்லாத பழுதைத் தேடினோம். உண்மையான இழப்பு 24 டிபி. 1-க்கு 32 ஆகப் பிரிக்கும் ஸ்பிளிட்டரே ஏட்டுக் கணக்கில் 15 டிபி தின்னும், நடைமுறையில் இன்னும் ஒன்றிரண்டு கூடும். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

இழப்பை எழுதும்போது “-24 டிபி இழப்பு” என்று எழுதுபவர்களும் உண்டு. இழப்பு என்ற சொல்லிலேயே கழித்தல் இருக்கிறதே, மறுபடி எதற்கு? ஒன்று “24 டிபி இழப்பு” என்று எழுதுங்கள், அல்லது “பெருக்கம் -24 டிபி” என்று எழுதுங்கள்.

வாடிக்கையாளர்களில் சிலர் “மைனஸ் 21” என்றதும் பதறிவிடுவார்கள், கடன் போல. ஜிபான் என்ற கண்ணாடியிழை இணைப்பு முறையில் பரவலான பி பிளஸ் வகைப் பெட்டிக்கு -8 முதல் -27 டிபிஎம் வரை போதும். -21 என்பது 8 மைக்ரோவாட். ஏழை ஒளிதான், ஆனால் நேர்மையாக வேலை செய்யும்.

பொங்கோல் காற்று (புதன், காலை 9.05)

நான் வைஃபை பெட்டிக்கு 9 டிபிஐ ஆன்டெனா வாங்கி மாட்டலாம் என்றிருந்தேன். அது எந்தக் கீழ்த்தளம்?

ஓய்வுபெற்ற அலை (புதன், காலை 9.50)

எல்லாத் திசையிலும் ஒரே அளவு பரப்பும் ஒரு கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிட்டால் டிபிஐ. அரை அலைநீள டைப்போல் என்ற எளிய கம்பி ஆன்டெனாவோடு ஒப்பிட்டால் டிபிடி. இரண்டுக்கும் 2.15 டிபி வித்தியாசம், டிபிஐயில் எண் பெரிதாகத் தெரியும். வெறும் “டிபி” என்று பெட்டியில் போட்டிருந்தால் விற்பவருக்கு எது வசதியோ அது.

ஆன்டெனா பெருக்கம் என்ற சொல்லே பலரை ஏமாற்றுகிறது. ஆன்டெனா திறனை உண்டாக்குவதில்லை. நெய்யைத் தோசை முழுவதும் பரப்பாமல் ஒரு பக்கமாகக் குவிப்பது போல, ஒரு திசையில் குவிக்கிறது.

மாட்டுவதற்கு முன் சட்டத்தையும் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்குத் தகவல், தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் விதித்திருக்கும் வரம்பு 200 மில்லிவாட் ஈஐஆர்பி, அதாவது 23 டிபிஎம். ஆன்டெனா குவிப்பதையும் சேர்த்த கணக்கு அது. பெட்டி 20 டிபிஎம் தந்து, 9 டிபிஐ ஆன்டெனா மாட்டினால் 29 டிபிஎம், கிட்டத்தட்ட 800 மில்லிவாட். பெட்டியின் திறனை 14 டிபிஎம்முக்குக் குறைக்க வேண்டிவரும். ஈஆர்பி என்று எழுதிய விதிகளும் உண்டு, அவை டைப்போலை வைத்துப் பேசுகின்றன. ஓர் எழுத்துதான் வித்தியாசம், 2.15 டிபி.

ஈசூன்வாசியின் “25 டிபி” தகட்டுக்கும் வருகிறேன். 600 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் அரை மீட்டர். அந்த அலைவரிசையில் 25 டிபிஐ வேண்டும் என்றால் கிட்டத்தட்ட 4 மீட்டர் அகலமுள்ள தட்டு வேண்டும். ஜன்னலில் ஒட்டுகிற தாளில் அது வராது. உள்ளே ஒரு சிறு ஆம்ப்ளிஃபயரை வைத்து அதன் பெருக்கத்தையும் சேர்த்துச் சொல்கிறார்களோ என்னவோ.

ஈசூன்வாசி (வியாழன், இரவு 8.30)

ஐயாவிடம் அளவி வாங்கி வந்தேன், கூடவே ஒரு கோப்பி ஓ கோசோங்கும் வாங்கித் தந்தார். நான் கொடுக்க வந்த பணத்தை வாங்கவில்லை. தகட்டைப் பிரித்துப் பார்த்தோம், உள்ளே ஆம்ப்ளிஃபயர் எதுவும் இல்லை. அட்டையில் அச்சிட்ட செம்புதான்.

அளந்தவை:

ஜன்னலில், ஆன்டெனா முனையில்: 36 டிபி மைக்ரோவோல்ட். சிக்னல்-இரைச்சல் விகிதம் 26 டிபி.

வரவேற்பறையில், பூஸ்டர் இல்லாமல்: 24 டிபி மைக்ரோவோல்ட். விகிதம் 14 டிபி.

அதே இடத்தில், பூஸ்டருக்குப் பின்: 41 டிபி மைக்ரோவோல்ட். விகிதம் 14 டிபி.

பூஸ்டரின் 36 டிபி எங்கே போனது? 41-லிருந்து 24 போனால் 17தானே? சிக்னல் ஏறியும் விகிதம் ஏன் அசையவில்லை?

வெள்ளீயம் (வியாழன், இரவு 9.15)

மிகச் சரியாக அளந்திருக்கிறீர்கள். பூஸ்டரின் உண்மைப் பெருக்கம் உங்கள் அலைவரிசையில் 17 டிபி. பெட்டியில் உள்ள 36 அச்சகத்தின் பெருக்கம்.

கேபிளும் ஸ்பிளிட்டரும் சேர்ந்து 12 டிபி தின்கின்றன. ஸ்பிளிட்டருக்கு 4 என்றால் அந்த மெல்லிய கேபிள் மட்டும் 8. பதினாறில் ஒரு பங்கு திறன்தான் தொலைக்காட்சிக்கு வருகிறது.

இப்போது கீழ்த்தளத்தை மில்லிவாட்டுக்கு மாற்றுவோம். 24 - 108.75 = -84.75 டிபிஎம். இது சிக்னலின் மாடி. இரைச்சலுக்கும் ஒரு மாடி உண்டு. அறை வெப்பத்தில் எந்த மின்தடையும் ஒரு ஹெர்ட்ஸுக்கு -174 டிபிஎம் இரைச்சல் தரும். நம் ஊர் வெப்பத்துக்கு 0.2 டிபி கூட்டிக்கொள்ளலாம், விட்டுவிடுகிறேன். தொலைக்காட்சி அலைவரிசையின் அகலம் 8 மெகாஹெர்ட்ஸ், அதற்கு 69 டிபி. ஆக -105 டிபிஎம். வாங்கும் கருவி தன் பங்குக்கு 6 டிபி இரைச்சல் சேர்க்கிறது என்று வைத்தால் -99. சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் இடைவெளி 14.25 டிபி. உங்கள் அளவி காட்டியது 14.

பூஸ்டரைத் தொலைக்காட்சிக்குப் பின்னால் வைத்தால் அது சிக்னலை 17 மாடி ஏற்றுகிறது. கூடவே இரைச்சலையும் அதே லிஃப்டில் 17 மாடி ஏற்றுகிறது. இடைவெளி அப்படியே இருக்கிறது. படத்தை உறையவைப்பது இடைவெளி, மாடி எண் அல்ல.

பூஸ்டரைக் கழற்றி ஜன்னலுக்குக் கொண்டுபோங்கள். ஆன்டெனாவை அடுத்து பூஸ்டர், அதன் பிறகு கேபிள்.

மேடை ஒலி (வியாழன், இரவு 9.40)

நிறுத்துங்கள். 36 - 12 + 17 = 41. 36 + 17 - 12 = 41. கூட்டலில் வரிசை மாறினால் விடை மாறாது என்று தொடக்கப்பள்ளியில் படித்தோம். இடம் மாற்றி என்ன பயன்?

வெள்ளீயம் (வியாழன், இரவு 10.10)

சிக்னலுக்கு நீங்கள் சொல்வது சரி. தொலைக்காட்சியில் இரண்டு முறையும் 41தான் வரும். ஆனால் இரைச்சல் கேபிளின் தொடக்கத்திலிருந்து வருவதில்லை. ஒவ்வொரு கருவியும் தன் வாசலில் புதிதாகச் சேர்க்கிறது. கேபிள் சிக்னலை -84.75-க்கு இறக்கிவிடுகிறது, ஆனால் இரைச்சலை -105-க்குக் கீழே இறக்க முடியாது, ஏனென்றால் கேபிளே அறை வெப்பத்தில் இருக்கிறது. ஒருமுறை இடைவெளி சுருங்கினால் அதற்குப் பிறகு எத்தனை டிபி பெருக்கினாலும் விரியாது.

உங்கள் தொழிலிலேயே பாருங்கள். மைக்குக்கு அருகிலேயே முன்பெருக்கி வைக்கிறீர்கள். ஐம்பது மீட்டர் கம்பி தாண்டி, இரைச்சலோடு கலந்தபின் பெருக்குவதில்லை.

எண்ணில்: பூஸ்டர் தன் பங்குக்குச் சேர்க்கும் இரைச்சலையும் (இதற்கு இரைச்சல் எண் என்று பெயர்) 6 டிபி என்றே வைப்போம். பூஸ்டர் முதலில் என்றால் அந்த 6 டிபிதான் பெரும்பாலும் மிஞ்சும். பின்னால் வரும் 12 டிபி இழப்பும் தொலைக்காட்சியின் 6 டிபியும் சேர்ந்த 18 டிபி, முன்னால் உள்ள 17 டிபி பெருக்கத்தால் வகுபட்டுச் சிறுத்துவிடும். இந்த வகுத்தலையும் கூட்டலையும் டிபியில் செய்யக் கூடாது, விகிதமாக மாற்றிச் செய்ய வேண்டும். 6 டிபி என்பது 3.98. 18 டிபி என்பது 63.1, அதில் 1 கழித்து 17 டிபியான 50.1-ஆல் வகுத்தால் 1.24. மொத்தம் 5.22, திரும்ப டிபியில் 7.2. இரைச்சல் -97.8 டிபிஎம். ஜன்னலில் சிக்னல் 36 - 108.75 = -72.75. இடைவெளி 25.

மாடி எண் அதே 41. இடைவெளி மட்டும் 14-லிருந்து 25.

மேடை ஒலி (வியாழன், இரவு 10.18)

மைக் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு எண் தேவைப்பட்டிருக்காது அக்கா.

ஓய்வுபெற்ற அலை (வெள்ளி, காலை 6.30)

சொல்லும் முறையிலும் ஒரு சிறு திருத்தம். இந்த இழையில் யாரோ டிபி என்பதை ரோமன் எழுத்தில் “DB” என்று இரண்டு எழுத்தையும் பெரிதாக இட்ட படம் ஒன்றைப் போட்டிருந்தார்கள். “dB” என்பதே சரி. முதல் எழுத்து சிறியது, ஏனெனில் அது “டெசி”, பத்தில் ஒன்று. இரண்டாவது பெரியது, ஏனெனில் அது தொலைபேசி கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் பெயர். அதற்கு முன் தொலைபேசிப் பொறியாளர்கள் இழப்பை “இத்தனை மைல் தரக் கேபிள்” என்று சொன்னார்கள். 1920களில் அதை விட்டுவிட்டு மடக்கை அலகுக்கு மாறினார்கள், 1928 வாக்கில் டெசிபெல் என்ற பெயர் வந்தது. மைல் கணக்கு எனக்குப் பிடிக்கும். “உன் குரல் முப்பது மைல் தள்ளி இருக்கிறது” என்றால் எவருக்கும் புரியுமே.

ஈசூன்வாசி (சனி, மாலை 7.05)

பூஸ்டரை ஜன்னலுக்கு மாற்றிவிட்டேன். அங்கே மின்செருகி இல்லாததால் அரிசிக் குக்கரின் செருகியிலிருந்து யுஎஸ்பி இழுத்திருக்கிறேன். அம்மாவுக்கு இதில் முழு உடன்பாடு இல்லை.

வரவேற்பறையில் 41 டிபி மைக்ரோவோல்ட், விகிதம் 24 டிபி. அக்கா சொன்ன 25-க்கு ஒன்று குறைவு. அம்மாவின் அறையில் 40, விகிதம் 24. ஆறரை மணியிலிருந்து படம் ஒருமுறைகூட உறையவில்லை.

வெள்ளீயம் (சனி, மாலை 7.20)

நான் 6 டிபி என்று வைத்த இரைச்சல் எண் உங்கள் பூஸ்டரில் 7 போல இருக்கிறது. 29 வெள்ளிக்கு மோசமில்லை. முடிந்தால் அந்த மெல்லிய கேபிளை ஆர்ஜி-6 என்ற தடித்த கேபிளாக மாற்றுங்கள். 12 மீட்டருக்கு இழப்பு 8-லிருந்து 3 டிபிக்குள் வந்துவிடும், பூஸ்டரே வேண்டாம் என்றுகூட ஆகலாம். குக்கரும் விடுதலை பெறும்.

செம்புக்கம்பி (சனி, மாலை 7.31)

கேபிள் என்னிடம் 20 மீட்டர் மிச்சம் இருக்கிறது. இலவசம். ஓட்டியதற்குப் பரிகாரம்.

ஓய்வுபெற்ற அலை (சனி, இரவு 8.15)

ஈசூன்வாசி, கேபிள் மாற்றியபின் மறுபடி அளந்துவிட்டு அளவியைத் தாருங்கள், அவசரமில்லை. ஆனால் மின்கலத்தைக் கழற்றி வையுங்கள், கசிந்துவிடும்.